நாலாம் எண்

5-11-1962, திங்கள்

எல்லையில் சீனாவோடு சண்டை. வாசகசாலை மலருக்குப் போர்க்கதை வேண்டுமாம். "போன யுத்தத்துல ஜப்பான்காரனுக்கு சயாம் ரயில் போட்டவரு நீங்கதானே, எழுதுங்க சார்" என்று செயலாளர் சுப்பிரமணியன் விடவில்லை.

ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். முகாமில் காலையில் கூலிகள் வரிசையாக நின்று ஜப்பான் மொழியில் எண் சொல்ல வேண்டும். இச்சி, நி, சான், சி. நாலாவதாக நின்ற தமிழன் "சி" என்கிறான். ஜப்பான் சிப்பாய் மூங்கில் தடியால் அவன் மண்டையைப் பிளக்கிறான். ஏன் பிளந்தான் என்று எழுதவில்லை. கெட்டவன், அடித்தான். போதாதா?

8-11

வாசகசாலையில் சைவ சித்தாந்தப் பேச்சு. செம்பில் களிம்பு போல ஆணவம் உயிரோடு கூடவே இருக்கிறதாம். அப்படியானால் அடித்தது களிம்பா, ஆளா? 

11-11, ஞாயிறு

மகள் தனம் கஞ்சியைத் தள்ளிவிட்டு "சீ" என்றாள். அறைந்துவிட்டேன். உதடு கிழிந்து ரத்தம். "அந்த ஒரு வார்த்தைக்கு என்னத்துக்கு இப்படி வெறி பிடிக்கி உங்களுக்கு?" என்று அவள் அம்மா பேச்சியம்மாள் கத்தினாள்.

இங்கேயாவது எழுதுகிறேன். சிப்பாய் அடிக்கவில்லை. அவன் தள்ளி நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். தமிழ்க் கூலிகளை மேய்க்கத் தமிழனையே மண்டோர், அதாவது கங்காணி, ஆக்கியிருந்தார்கள். நான்தான் அந்த மண்டோர். நாலாவது ஆள் என் முகத்தைப் பார்த்து எண்ணைச் சொன்னான். எனக்குச் "சீ" என்று கேட்டது — அத்தனை பேர் முன்னால்.

மூன்று அடி. முதல் அடியிலேயே விழுந்துவிட்டான். மற்ற இரண்டும் எதற்குடா? மூளை என் காலில் தெறித்தது. ஐந்தாவது ஆள் "கோ" என்று அடுத்த எண்ணைச் சொன்னான்.

14-11

வேலையிடத்தில் நான் ஆஜர் எடுக்கும் மஸ்டர் பட்டியலில் இருக்கும் கான்ட்ராக்ட் ஆள் கொளஞ்சியப்பன். வாசகசாலையில் கதையைப் படிக்கக் கேட்டானாம்.

"ஒண்ணு தப்புங்கய்யா. அடிச்சவன் சப்பான்காரன் இல்லீங்க, நம்ம தமிழ் மண்டோரு. செத்தது எங்கண்ணன் கலியன். நான் வேற முகாமுல காலராவுல கெடந்தேன், பாக்கல."

"மண்டோர் பேரு?" பயத்தில்தான் கேட்டேன்.

"தெரியாதுங்க. நம்பரத்தான சொல்லிச்சு எங்கண்ணன், அதுக்கு ஏன் அடிச்சான்னு இருவது வருசமா நெனச்சிக்கினே கெடக்கறன்."

காரணம் தெரிந்த ஒரே ஆள் நான். நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

16-11

"சிப்பாய்" என்று கதையில் வந்த இடத்தையெல்லாம் அடித்து "நான்" என்று எழுதினேன். காரணத்தையும் எழுதினேன். "எதிரியப் பத்திக் கேட்டா இதையா சார் தர்றது? மலர்ல வராது" என்றார் சுப்பிரமணியன்.

வராவிட்டால் போகட்டும்.

17-11, சனி

ஷிப்ட் முடிந்ததும் கொளஞ்சியப்பனை உட்காரவைத்து, மாற்றிய கதையை முழுக்கப் படித்துக் காட்டினேன். கையில் கடப்பாறை வைத்திருந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"மூணு அடியா?" என்று மட்டும் கேட்டான். போய்விட்டான்.

19-11, திங்கள்

காலை ஷிப்ட். மஸ்டரில் கொளஞ்சியப்பன் நாலாவது பெயர். கூப்பிட்டால் "இருக்கேங்க" என்பான். இன்று என் முகத்தை நேராகப் பார்த்தான்.

"சீ."

இந்த முறை எனக்குச் சரியாகவே கேட்டது. ஆஜர் போட்டுவிட்டு ஐந்தாவது பெயரைக் கூப்பிட்டேன்.