நான்கு டல் பேட்சுகள்

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கு வந்த நீலச் சாயத்தையும் திருப்பி அனுப்பினேன். சாயத்தின் நிறம் சரியா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. தோய்த்த துணியை நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. பதிவேட்டில் ‘டல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இது மூன்றாவது. மூன்றுமே இளவரசு தனித்தனியாகத் தயாரித்து ஓட்டிய பேட்ச். என் மனைவி சந்திரலேகாவின் தம்பி. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இந்தச் சாயக் கம்பெனியில் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். இந்த மாதக் கடைசியில் பயிற்சிக் காலம் முடிகிறது. வேலை நிரந்தரமா இல்லையா என்று அப்போது சொல்வார்கள்.

“மாமா, ஸ்டாண்டர்டு துணிய பக்கத்துல வெச்சி ஒரு தடவ பாருங்களேன்” என்றான். கம்பெனி ஒப்புக்கொண்ட மாதிரித் துணி அது. அலமாரியில் கிடக்கிறது.

“இருபத்தாறு வருசமா அது என் கண்ணுக்குள்ள இருக்குடா” என்றேன். சொந்தக்காரன் என்று விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எவன் என்னை மதிப்பான்?

ஜூன் 9, திங்கள்

எங்கள் ஊர் சிதம்பரத்தில், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வியாபாரம் டல்லாம். வீட்டில் சந்திரலேகாவுக்கு உடம்பு டல்லாம். எதற்கெடுத்தாலும் இந்த ஒரே சொல். மங்கல், மந்தம், சோர்வு, மொக்கை என்று தனித்தனியாக வைத்திருந்ததையெல்லாம் ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டோம். எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டு, “பையன் கொஞ்சம் டல்” என்றார். அப்பாவுக்கு அர்த்தம் தெரியாது. வழியெல்லாம் என்னிடமே கேட்டுக்கொண்டு வந்தார். “அமைதியான பையன்னு அர்த்தம்பா” என்றேன். அவர் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

ஜூன் 14, சனி

நான்காவதும் டல். எழுதிவிட்டேன்.

ஜூன் 18, புதன்

மேனேஜர் ஞானசேகரன் இளவரசுவைக் கூப்பிட்டு, முப்பதாம் தேதியோடு நின்றுகொள் என்று சொல்லிவிட்டார். “ஆளு நல்லவன்தான். ஆனா உங்க கையெழுத்து நாலு இருக்கே” என்றார் என்னிடம்.

சந்திரலேகா சோறு போட்டாள். கை கழுவும்போது, “அவனுக்குப் பொண்ணு பேசியிருக்காங்க, தெரியுமில்ல?” என்றாள். தெரியும். தெரிந்துதான் எழுதினேன். நியாயம் என்றால் நியாயம்தான். பிறகு ஏன் சோறு இறங்கவில்லை?

ஜூன் 21, சனி

பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம். கிளம்பி நின்ற சந்திரலேகாவின் சேலையைப் பார்த்து, “எதுக்கு இந்தச் சாம்பல் கலரு? டல்லடிக்குது” என்றேன்.

“சாம்பலா? தீபாவளிக்கு நீங்களே எடுத்துக் குடுத்த நீலங்க இது!”

விளையாடுகிறாள் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை.

ஜூன் 23, திங்கள்

எல்லோரும் சாப்பிடப் போன நேரம் அலமாரியைத் திறந்து ஸ்டாண்டர்டு துணியை எடுத்தேன். கடைசியாக எப்போது எடுத்தேன்? நினைவில்லை. லைட் பாக்ஸில் வைத்தேன்.

அதுவும் டல்.

வெளுத்திருக்குமோ என்று உறை பிரிக்காத இன்னொன்றைப் பிரித்தேன். அதுவும் அப்படியே. நாலு பேட்ச். அடப் பாவி, என்னா வேல பண்ணி வெச்சிருக்க என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஜூன் 25, புதன்

லீவு. சிதம்பரத்தில் கண் டாக்டரைப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் புரை. “ரொம்ப நாளாவே பார்வை டல்லா இருந்திருக்குமே, தெரியலையா?” என்றார். தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மங்கியதால், மங்குவது வெளியில்தான் என்று நினைத்துவிட்டேன்.

ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமாம். யாரிடமும் சொல்லாமல் செய்துகொண்டு வந்துவிடலாம். அதற்குள் முப்பதாம் தேதியும் தாண்டிவிடும். இதை நானா யோசிக்கிறேன்? நான்தான்.

ஜூன் 26, வியாழன்

ஞானசேகரனிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பதிவேட்டையே பார்த்தார். “அப்ப நீங்க பாஸ் பண்ணதெல்லாம்?” என்றார். அதை நான் நினைத்துக்கூடப் பார்த்திருக்கவில்லை.

நான்கு துணிகளையும் ஸ்டாண்டர்டோடு வைத்து வேறு இரண்டு பேர் பார்த்தார்கள். மூன்று சரி. ஒன்று நிஜமாகவே டல். பதிவேட்டில் மூன்று இடத்தில் ‘டல்’ என்பதை அடித்துவிட்டு, ‘பார்த்தவர் கண்ணில் குறை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை.

ஜூன் 30, திங்கள்

இளவரசுவை நிறுத்தவில்லை. நிரந்தரமும் ஆக்கவில்லை, இன்னும் மூன்று மாதம் பார்ப்பார்களாம். பெண் வீட்டாரும் காத்திருக்கிறார்கள். கேட்டருகே அவனை மறித்து மன்னிப்புக் கேட்டேன்.

“ஒவ்வொரு தடவையும் சொன்னேன் சார். ஒரு தடவ எடுத்துப் பாத்திருக்கலாம்ல?”

சார். மாமா இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இரண்டு கண்ணும் முடிந்து இன்றுதான் வேலைக்குப் போனேன். என் மேஜை இப்போது கூட வேலை பார்க்கும் அறிவழகனுடையது. அவன் கையெழுத்துக்குக் கீழேதான் என்னுடையது. கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பத்து மணிக்கு இளவரசு துணியோடு வந்து நின்றான். நீலம். அப்பா, என்ன நீலம்! பார்த்ததுமே தெரிந்துவிட்டது, சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. எழுந்துபோய் அலமாரியைத் திறந்து ஸ்டாண்டர்டைத் தேடினேன். இடம் மாற்றி வைத்திருந்தார்கள்.

“மேல் தட்டுல இருக்கு மாமா” என்றான்.