சினியோரா வீட்டு மைப்படங்கள்

பலெர்மோ
12 பெப்ரவரி 2024

அன்புள்ள றோசக்காவுக்கு,

மடு மாதாவின் காவலில் நானும் மகள் அமலினியும் சுகம். உங்களுக்கு நான்கு முறை போன் எடுத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. கோபம் என்றால் எழுதியாவது ஏசுங்கள்.

சினியோரா வீட்டில் உங்கள் இடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமாகிறது. “நீ போகாட்டி வேறை ஆரும் போவினம். நீ போ” என்று விமான நிலையத்தில் நீங்கள் சொன்னதால்தான் போனேன். இருந்தும் நீங்கள் சமைத்த அந்தக் குசினிக்குள் நுழையக் கூச்சமாக இருக்கிறது.

சினியோரா பெத்தினாவுக்கு இப்போது பார்வை முற்றாக இல்லை. சனிக்கிழமை தோறும் அந்த மேசை லாச்சியைத் திறக்கச் சொல்கிறார். அவருடைய கொள்ளுத்தாத்தா வால்டர் ஹெஸ்கெத், நூற்றிருபது வருடங்களுக்கு முன் லண்டனில் கதைப்புத்தகங்களுக்காக வெறும் கறுப்பு மையில் கீறிய படங்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். “என்ன தெரியுது, சொல்லு” என்பார். “ஒரு பொம்பிளை, கடல், வலை” என்பேன். “அவ்வளவுதானோ?” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். பதினொரு வருடம் அவற்றைத் தூசு தட்டியவர் நீங்கள். எப்படிப் பார்ப்பதென்று சொல்லித் தாருங்கள்.

உங்கள் பெயரை அவர் ஒருமுறையும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. மன்னியுங்கள்.

உங்கள் தங்கை
செலஸ்ரீனா


பேசாலை, மன்னார்
9 மார்ச் 2024

அன்புத் தங்கச்சி செலஸ்ரீனாவுக்கு,

உன் கடிதம் இருபத்திரண்டு நாளில் வந்தது. உன்மேல் எனக்கென்ன கோபம்? என் அண்ணன் வீட்டில் போன் வந்தால் எல்லோரும் சுற்றி நின்று கேட்பார்கள். அதுதான் எடுப்பதில்லை.

நான் வந்து சேருமுன்பே என் கதை இங்கே வந்துவிட்டது. “வெள்ளைக்காரியின்ரை படத்தை எடுத்துப்போட்டு கொப்பியை வைச்சவளாம்” என்று பூசை முடிந்து வரும்போது என் காதில் விழவே சொல்கிறார்கள். கண்காட்சிக்காகப் பார்க்க வந்தவர் ஒன்பது படங்கள் போலி என்றார். லாச்சியைப் பூட்டும் திறப்பு என்னிடம் இருந்தது. அவ்வளவுதான் விசாரணை. பொலிசுக்குப் போகாமல் விட்டதே பெரிய இரக்கம் என்று சினியோராவின் தங்கை மகன் றுஜ்ஜேரோ சொன்னார். சினியோரா யன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார்.

படங்களைப் பற்றிக் கேட்டாய். முதலில் கறுப்பைப் பார்க்காதே. அந்த மனிதர் வெள்ளையைக் கீறவில்லை, கடதாசியை அப்படியே விட்டிருக்கிறார். கரையில் நிற்கும் பெண்ணின் முகத்தில் ஐந்தே கோடு. அவளைச் சுற்றியிருக்கும் இருட்டில் ஆயிரம் கோடு, சாக்கு நெய்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று. அலையின் நுரையை மட்டும் மை காய்ந்தபின் கத்தி நுனியால் சுரண்டி எடுத்திருக்கிறார். மெல்லத் தொட்டால் சொரசொரப்பது தெரியும். அவள் கையில் இருக்கும் வலை பிழை. அப்படி முடிச்சுப் போட்டால் ஒரு சூடைமீனும் தங்காது. நான் அதைச் சொன்ன அன்று சினியோரா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

என்னைப் பற்றி அவர் கேட்டால் மட்டும், றோசா எடுக்கவில்லை என்று சொல். கேட்காவிட்டால் விட்டுவிடு. உனக்குப் பிள்ளை இருக்கிறது.

அக்கா
றோசமலர்


பலெர்மோ
2 மே 2024

அன்புள்ள றோசக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து பிழைத்தால் பொறுங்கள்.

நீங்கள் எழுதியபடி நான் சொல்லத் தொடங்கிய பிறகு சினியோரா சனிக்கிழமைக்காகக் காத்திருந்தார். நுரையில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருப்பார். ஈஸ்டருக்குப் பின் றுஜ்ஜேரோ வந்து, போட்டோ எடுக்க வேண்டும் என்று இரண்டு படங்களைக் கொண்டுபோனார். ஆறு நாளில் திருப்பி வைத்தார். அதில் ஒன்று கரைப்பெண்.

போன சனிக்கிழமை அவருடைய விரலைப் பிடித்து நுரையில் வைத்தேன். விரல் அசையாமல் நின்றது. “மூடு” என்றார். மத்தியானம் ஒரு வாயும் சாப்பிடவில்லை. அவர் கண்ணயர்ந்தபின் நானும் தொட்டேன். கோயில் கலண்டர்போல வழுவழுப்பு.

அக்கா, நீங்கள் மன்னாரில் இருக்கும்போது இந்தப் படம் மாறியிருக்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சினியோராவிடம் சொல்லத்தான் போகிறேன். ஆனால் என் வேலை ஒப்பந்தத்தில் அவருக்காகக் கையெழுத்துப் போடுவது றுஜ்ஜேரோ. ஜூன் 21 காலை குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் என் பெர்மெசோ, இங்கே இருப்பதற்கான அனுமதி, புதுப்பிக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் நானும் அமலினியும் இந்த நாட்டில் இருக்க முடியாது. கொஞ்சம் பொறுங்கள்.

செலஸ்ரீனா


பேசாலை
30 மே 2024

என் அன்புத் தங்கச்சிக்கு,

தபால் கந்தோர் வாசலிலேயே நின்று வாசித்தேன். வீட்டுக்கு வந்து சோறு போட்டுச் சாப்பிட்டேன். பசி என்று சாப்பிட்டு எத்தனையோ மாதமாகிறது.

சினியோரா கெட்டவர் இல்லை. தெரியாமல்தான் என்னை அனுப்பினார். தெரிந்தால் தாங்கமாட்டார், அதனால் மெதுவாகச் சொல். இரண்டு வரி போதும், றோசமலர் எடுக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்து வைக்கட்டும். ஒன்றை இங்கே பங்குத்தந்தைக்கு அனுப்பு. மற்றதை அங்கே நம்மவர்கள் பூசைக்கு வரும் கோயிலில் கொடு. போன மாதம் அண்ணன் மகளின் கலியாணத்தில் நகைப்பெட்டி இருந்த அறைப்பக்கம் என்னைப் போகவேண்டாம் என்றார்கள். அண்ணன்தான் சொன்னார், செலஸ்ரீனா. நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

உன் பெர்மெசோவை நான் மறக்கவில்லை. பயமாக இருந்தால் பயம் என்று எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா
றோசமலர்


பலெர்மோ
20 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஜூலையிலும் ஆகஸ்டிலும் நீங்கள் எழுதிய கடிதங்கள் வந்தன. பதில் எழுத எனக்கு முகம் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜூன் 10, சினியோராவுக்குத் தலை வாரிவிடும்போது சொன்னேன்.

“சினியோரா, றோசக்கா படம் எடுக்கேல்லை.”

“எனக்குத் தெரியும்” என்றார்.

“எப்பயிருந்து தெரியும்?”

“அண்டைக்கே. அப்ப எனக்குக் கொஞ்சம் கண் தெரிஞ்சது. றுஜ்ஜேரோவின்ரை முகத்தைப் பாத்த உடனை. அவன் ஒருத்தன்தான் எனக்கு மிச்சம். அவனும் போனா என்னை ஆர் அடக்கம் செய்யிறது?”

சீப்பைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு அவரே சொன்னார்: “கடதாசி எடு. நீ எழுது, நான் கையெழுத்து வைக்கிறன்.”

கடதாசியும் பேனையும் மேசையில் இருந்தன, அக்கா. “நாளைக்கு எழுதுவம், இண்டைக்குக் களைச்சிட்டியள்” என்றேன். அவர் களைக்கவில்லை. 21ஆம் திகதி கழியட்டும் என்று நான்தான் தள்ளினேன். தினமும் கேட்டார். தினமும் ஒரு சாட்டுச் சொன்னேன். 19ஆம் திகதி காலையில் பாரிசவாதம் வந்தது. பேச்சு இல்லை, வலது கை இல்லை. ஆகஸ்ட் 8 காலமானார். றுஜ்ஜேரோதான் அடக்கம் செய்தார்.

எனக்கு இரண்டு வருடத்துக்குப் பெர்மெசோ கிடைத்தது. பொலிதேயாமா பக்கம் றுஜ்ஜேரோவின் மாமியார் வீட்டில் வேலை. பல்லரோச் சந்தையில் நம் ஆட்கள் உங்கள் கதையை எடுக்கும்போது, மீன் பார்ப்பதுபோல் குனிந்து நிற்கிறேன். இன்றுவரை ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க என்ன சொல் இருக்கிறதென்று தெரியவில்லை.

செலஸ்ரீனா


பேசாலை
15 ஒக்டோபர் 2024

செலஸ்ரீனாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. “எனக்குத் தெரியும்” என்று சினியோரா சொன்ன இடத்தில் நிறுத்திவிட்டேன். மிச்சத்தை மறுநாள்தான் வாசித்தேன். இந்த ஒரு வருடமும் அவர் கண்ணுக்காக மாதாவிடம் மன்றாடி வந்தேன்.

உங்களைச் சபிக்கவில்லை. எனக்கும் ஒரு பிள்ளை இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. தெரியாததை எழுதமாட்டேன்.

ஆனால் நடந்தது முழுவதும் உங்கள் கையெழுத்தில், திகதியோடு இருக்கிறது. அந்தக் கடிதத்தைப் பங்குத்தந்தை ஜோக்கிம் சுவாமியிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு என்னை இருக்கச் சொன்னார்.

“இதை வெளியிலை விட்டா அந்தப் பிள்ளையின்ரை வேலை போயிடும், றோசமலர். பேரை மறைச்சு வாசிப்பமோ?”

“என்ரை பேரை ஒருத்தரும் மறைக்கேல்லை, சுவாமி” என்றேன்.

ஞாயிறு பூசை முடிவில் வாசித்தார். அண்ணன் கோயில் வாங்கிலிருந்து எழும்பாமல் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

இன்று காலை மன்னார் தபால் கந்தோரில், உங்கள் கடிதத்தின் போட்டோக்கொப்பியை பலெர்மோ கோயில் முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இதைச் சாதாரணத் தபாலில் போடுகிறேன். அது முந்தி வந்துவிடும். இதை நீங்கள் பிரிக்கும்போது அங்கே எல்லோரும் வாசித்திருப்பார்கள்.

எனக்கு இனி எழுத வேண்டாம்.

றோசமலர்