திண்டிவனத்திலிருந்து திரும்பும் வண்டி

இன்று காலை திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வேங்கிக்கால் போகும் வண்டிக்காக நின்றிருந்தேன். பின்னால் ஒரு கண்டக்டர், "சோமாசிபாடி, கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம்!" என்று குரல் கொடுத்தார். பாப்பா வெடுக்கென்று திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்துவிட்டாள். உன்னைத் தேடியிருக்கிறாள், தம்பி. நானும்தான் திரும்பிப் பார்த்தேன். சொன்னால் சிரிப்பாய்.

கைக்குழந்தையாக இருந்தபோது இவள் அழுத அழுகை நினைவிருக்கிறதா? விளக்கு வைக்கும் நேரம் வந்தால் போதும், தெருவே எட்டிப் பார்க்கும். வசம்பு உரைத்துக் கொடுத்தோம், தூளியில் போட்டு ஆட்டினோம், என் மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டார். எதற்கும் மசியவில்லை. ஒருநாள் நீ கண்டக்டர் டூட்டி முடிந்து, தோளில் கிடந்த பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாய். உன் கையில் அவளைத் திணித்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

"எனக்குத் தாலாட்டுலாம் வராதுக்கா."

"எதையாவது சொல்லுடா. என்னால முடியல."

உனக்குத் தெரிந்ததைச் சொன்னாய். "சோமாசிபாடி, கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம்! ஏறு ஏறு ஏறு!" அவள் முதுகில் இரண்டு தட்டு. "போலாம் ரைட்!"

அழுகை பாதியில் நின்றது. வாயை மூட மறந்து உன்னையே பார்த்தாள். கூடத்துக்கும் வாசலுக்குமாக உன் வண்டி ஓடியது. "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று அவளிடம் கெஞ்சிக்கொண்டே நடந்தாய். கீழ்பென்னாத்தூர் தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள். அதன்பிறகு எல்லாச் சாயங்காலமும் அதே வண்டிதான். "ஒருநாள்கூட இவள திண்டிவனம் கொண்டுபோய் சேர்க்க முடியலக்கா" என்று அலுத்துக்கொள்வாய். அலுப்பில் அத்தனை பெருமை!

காதுகுத்துப் பேச்சு எடுத்தபோது எல்லாரும் பயந்தார்கள். நீ மட்டும் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "தாய்மாமன் மடி இருக்கும்போது அவ ஏன் அழப்போறா? செஞ்சி வர்றதுக்குள்ள ரெண்டு காதும் முடிஞ்சிடும், பாத்துக்கோ" என்றாய்.

காய்ச்சல் என்று படுத்தவன், நீ எழுந்திருக்கவே இல்லை. காதுகுத்தைத் தள்ளிப்போட்டோம். பாப்பா சாயங்காலங்களில் உன்னை எதிர்பார்த்து வாசலைப் பார்த்தபடி அழுதாள். எதைச் சொன்னால் அடங்குவாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் 'சோமாசிபாடி'யைத் தாண்டி ஒரு ஊர்கூட என் வாயில் வராது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

போன மாதம் என் வீட்டுக்காரரின் குலதெய்வக் கோயிலில் காது குத்தினோம். யார் மடியில் உட்கார வைப்பது என்ற கேள்வி வந்ததும் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "உங்க பெரியப்பா புள்ள இருக்கான்லம்மா, அவனும் மாமன்தானே" என்றார் மாமியார், மெதுவாக. பாவம், அவர் வேறு என்ன சொல்வார்? பெரியப்பா மகனும் மறுபேச்சுப் பேசாமல் வந்து மணையில் உட்கார்ந்தான்.

முதல் காதில் குத்தியதும் பாப்பா வீறிட்டாள். கிலுகிலுப்பை காட்டினார்கள், வாழைப்பழம் காட்டினார்கள், செல்போனில் பாட்டுப் போட்டார்கள். மொட்டைத் தலையின் சந்தனமெல்லாம் அவன் சட்டையில் அப்ப, மடியிலிருந்து துள்ளினாள். "அசையாம புடிங்கப்பா, இன்னொரு காது கோணலாயிடும்" என்று கம்மலோடு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார் ஆசாரி.

அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில் நான் கத்தினேன், தம்பி. "சோமாசிபாடி! கீழ்பென்னாத்தூர்!" குரல் உடைந்தது. அவள் அடங்கிவிட்டாள். கண்ணில் நீரோடு தலையைத் திருப்பி, கூட்டத்தைத் தாண்டிக் கோயில் வாசலைப் பார்த்தாள். நீ வருவாய் என்று பார்த்தாள். அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

செஞ்சி வந்தது. திண்டிவனமும் வந்துவிட்டது. ஆசாரி அப்போதுதான் இன்னொரு காதைப் பிடித்திருந்தார். அதற்கு மேல் நீ எதுவும் சொன்னதில்லையே. எப்போதும் போகிற வழியை மட்டும்தானே சொன்னாய்? எனக்கு வேறு வழி தெரியாமல் வண்டியைத் திருப்பினேன். "செஞ்சி, கீழ்பென்னாத்தூர், சோமாசிபாடி, திருவண்ணாமலை!" நான் சொல்லி முடித்தபோது இரண்டு காதிலும் கம்மல் இருந்தது.

இப்போது தினமும் நான்தான் வண்டி ஓட்டுகிறேன். போகும்போதே, கீழ்பென்னாத்தூர் பக்கத்தில், அவள் தூங்கிவிடுகிறாள். ஆனாலும் திண்டிவனம் வரை போய்த் திரும்புகிறேன். திரும்பி வரும் வழி எனக்காக. ஒவ்வொரு ஊரிலும் நிறுத்தி, மெதுவாகச் சொல்கிறேன். நீ எந்த ஊரில் நின்றுகொண்டிருந்தாலும் ஏறிக்கொள்ளலாம் இல்லையா.