மூன்றாவது நாற்காலியும் என் முதுகும்

மார்ச் 4

இன்று ஒரு கஸ்டமர் முடிவெட்டி முடித்ததும் தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இடது பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கே?" என்றார். சீப்பை வைத்துப் பார்த்தேன். என் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. நாற்காலி ஆடுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். பார்லர் முதலாளியம்மா வந்து சரிசெய்து அனுப்பினார். இந்த மாதிரி இது மூன்றாவது தலை.

நாற்காலி சாயவில்லை. நான்தான் சாய்கிறேன். பதின்மூன்று வயதிலிருந்தே எனக்கு முதுகெலும்பு வளைவு உண்டு. வலது விலா பின்னால் புடைத்திருக்கும், இடது பக்கம் குழிந்திருக்கும். இத்தனை வருடம் அது பாட்டுக்கு அது, நான் பாட்டுக்கு நான் என்று காலம் ஓடியது. இப்போது மதியத்துக்கு மேல் நின்றால் வலியில் உடம்பு ஒரு பக்கமாக இறங்குகிறது. கத்தரியும் கூடவே இறங்குகிறது.

மார்ச் 7

முதலாளியம்மா தனியாகக் கூப்பிட்டார். "ஜூன் கடைசி வரைக்கும் பாப்போம்மா. அதுக்குள்ள சரியாகலன்னா பில் கவுண்டர்ல உக்காந்துக்கோ. சம்பளத்துல கை வைக்க மாட்டேன்."

நல்ல மனுஷி. அதனால் மனசுக்குள் திட்டக்கூட முடியவில்லை. ஆனா பதினாறு வருஷம்! மூணாவது நாற்காலின்னா நான்தானே? நான் எதுக்கு பில் கிழிக்கணும்? கத்தரியை வெச்சுட்டு நான் என்ன செய்வேன்? பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்து இரண்டு தலைக்குச் சாயம் பூசினேன்.

மார்ச் 11

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். என் முதுகெலும்பை முதல்முறையாக நிதானமாகப் பார்த்தேன். மலைப்பாதை தோற்றது. முப்பத்தேழு டிகிரியாம். அறுவை சிகிச்சை இப்போது வேண்டாம், உடற்பயிற்சி செய்து பார்க்கலாம் என்று பிசியோதெரபி பெண்ணிடம் அனுப்பினார்.

வீட்டில் சொன்னதும் மாமியார், "கல்யாணத்தப்பவே கவனிச்சேன், ஒரு பக்கமா சாஞ்சு நின்னே. வெக்கப்படறியாக்கும்னு நெனச்சேன்" என்றார். என் கணவர் சோற்றுத் தட்டோடு எழுந்து போய் அடுத்த அறையில் சிரித்தார். அவருக்கு நன்றாகத் தெரியும், எனக்கும் வெட்கத்துக்கும் ஏழாம் பொருத்தம் என்று.

மார்ச் 14

பிசியோ என்னைவிடப் பத்து வயது சின்னவள். முகத்துக்கு நேரே பேசுகிறாள். "வளைவு காணாமப் போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சாயறது குறையும், வலி குறையும். தினமும் செய்யணும். செய்வீங்களா?"

நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று கேட்டேன். "வாலை விடுங்க, முதுகைப் பாக்கலாம்" என்றாள். எனக்குப் பிடித்துவிட்டது.

உச்சந்தலையை மேலே இழுப்பதுபோல நிமிர்ந்து, விலாவை ஒரு பக்கமாக நகர்த்தி, மூச்சையும் அந்தப் பக்கமே நிரப்ப வேண்டும். எந்தப் பக்கம், எவ்வளவு என்று ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்தாள். காற்றடைத்த பந்துபோல விலா விரியணுமாம். மூச்சுவிடுவதற்குக்கூட டியூஷன் போகவேண்டி வந்துவிட்டது.

மார்ச் 22

பார்லர் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே தாளை ஒட்டிவிட்டேன். கஸ்டமர் இல்லாத நேரமெல்லாம் பயிற்சி. இரண்டாவது நாற்காலிக்காரி, "அக்கா, பாக்கறவங்க சாமி வந்துடுச்சுன்னு நெனைக்கப்போறாங்க" என்கிறாள்.

ஏப்ரல் 3

செய்தேன். வலி.

ஏப்ரல் 9

ஒருநாள் விடாமல் செய்கிறேன். வலி கூடியிருக்கிறது, குறையவில்லை. எனக்கு மட்டும் ஏன் இப்படி? கவுண்டரைப் பார்த்தால் பத்திக்கிட்டு வருது.

ஏப்ரல் 16

இன்று பிசியோ, "வீட்ல செய்யறதை அப்படியே செஞ்சு காட்டுங்க" என்றாள். பெருமையாகச் செய்தேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"நிறுத்துங்க, நிறுத்துங்க. யார் உங்களுக்கு வலது பக்கம் சொன்னது?"

"நீதாம்மா. உன் படத்துல இருக்கே."

படத்தில் குழிந்த இடது பக்கம்தான் குறி போட்டிருந்தாள். பின்னாலிருந்து பார்த்த முதுகு அது. அப்படியே செய்தால் போதும். ஆனால் நான் பதினாறு வருடமாகக் கண்ணாடிக்குள் வேலை செய்பவள். கஸ்டமர் காட்டும் படத்தில் வகிடு எந்தப் பக்கம் இருந்தாலும் அதை மாற்றிப் போட்டுத்தான் என் புத்தி வாங்கும். இந்தப் படத்தையும் அப்படியே வலது பக்கமாக மாற்றி வாங்கியிருக்கிறது. ஒரு மாதம், ஒருநாள் தவறாமல், வளைவுக்கு உரம் போட்டு வளர்த்திருக்கிறேன்!

முதலுக்கே மோசமா என்று பயந்துபோய்க் கேட்டேன். "பெருசா ஒண்ணும் ஆகல. ஆனா இவ்வளவு ஒழுங்கா தப்பு பண்ண ஆளை நான் பாத்ததே இல்ல" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஜூன் கடைசிக்கு இன்னும் பத்தே வாரம்.

ஏப்ரல் 17

தாளைக் கிழித்துப் போட்டேன். சட்டையின் இடது விலாப் பக்கம் ஒரு முடி கிளிப்பை மாட்டிக்கொண்டேன். மூச்சு விட்டால் கிளிப் நகர வேண்டும். இனிமேல் பயிற்சிக்குக் கண்ணாடி பக்கம் திரும்பப்போவதில்லை.

மே 6

கிளிப் நகர்ந்தது! நன்றாகவே நகர்ந்தது. ஓடிப்போய்க் கணவரிடம் காட்டினேன். "எனக்குத் தெரியலையே" என்றார். கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். "ஆமா, ஏதோ உள்ள இருந்து தள்ளுது" என்றார். என்னைவிட அவருக்கு சந்தோஷம். ஆனால் காட்டிக்கொண்டால் குறைந்தா போய்விடுவார்?

மே 30

மதியம் மூன்று மணி வரை வலி வரவில்லை. முன்பெல்லாம் பன்னிரண்டுக்கே ஆஜராகிவிடும்.

ஜூன் 18

கொத்தனாரின் ரசமட்டம் மாதிரி ஒரு சின்னக் கருவியை பிசியோ என் முதுகில் வைத்து, விலாப் புடைப்பின் சாய்வை அளந்தாள். மார்ச்சில் பதினொன்று காட்டியது, இன்று எட்டு. "நல்லா இருக்கே" என்று இரண்டு தடவை சொன்னாள். எட்டு போதுமா? முதலாளியம்மாவுக்கு ரசமட்டமா தெரியும்? முடிதான் தெரியும்.

ஜூன் 28

சனிக்கிழமை. காலையிலிருந்து எட்டுத் தலை. மாலை ஆறு மணிக்குக் கதவில் 'மூடியுள்ளது' பலகையைத் திருப்பிவிட்டு முதலாளியம்மா நேராக வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வெட்டு. தோளுக்கு மேல, ஒரே கோடா."

அவர் தலையை இந்தக் கடையில் யாரும் தொட்டதில்லை. அதுவும் ஒரே கோடு. அடுக்கடுக்காக வெட்டினால் தப்பை எங்கேயாவது ஒளித்துவைக்கலாம், ஒரே கோட்டில் ஒரு முடி இறங்கினாலும் ஊருக்கே தெரியும். வேண்டுமென்றேதான் கேட்டிருக்கிறார், அதுவும் நாள் முழுக்க நின்ற பிறகு.

நிமிர்ந்தேன். குழிக்குள் மூச்சை நிரப்பினேன். வெட்டினேன்.

முடிந்ததும் அவரே சீப்பை வாங்கி, கழுத்துக்குப் பின்னால் முடி நுனியோடு படுக்கையாக வைத்து, கைக்கண்ணாடியில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"கவுண்டருக்கு வேற ஆள் தேடணும்" என்றார். "உனக்குத் தெரிஞ்ச பொண்ணு யாராவது இருந்தா சொல்லு."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்தத் தடவை குழாயைத் திறக்கவில்லை.

ஜூலை 19

இன்று பதினொரு தலை. ஒரு சின்னப் பெண் நெற்றி முடியை வெட்டவிடாமல் என் விரலைக் கடித்துவிட்டாள். மதியச் சாப்பாடு நான்கு மணிக்குத்தான். வீட்டுக்கு வந்து விரலைக் காட்டி, கதை முழுவதையும் கணவரிடம் சொல்லி முடித்தேன்.

"அது சரி, முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"எந்த முதுகு?" என்றேன்.