புது வீட்டு விலாசம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் இருமல் நின்றதா? வெந்நீரே குடியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடுதியில் ஒரு வெளிநாட்டுப் பேய்ப்படம் போட்டார்கள். அம்மா இருந்தபோது நாம் மூவரும் தமிழில் பார்த்தோமே, அதே கதைதான். நம் படத்தில் தாயின் பேயை விரட்டிவிடுவார்கள். இதில் யாரும் விரட்டவில்லை. குடும்பம் சொல்லாமல் வீடு மாறிவிடுகிறது. பேய் காலி அறைகளில் தன் குழந்தையைத் தேடிக்கொண்டே இருக்கிறது. நடிப்பு நம் படத்தில்தான் நன்றாக இருந்தது. ஆனால் இந்த முடிவு மனதை விட்டுப் போகவில்லை.

"பாவம், புது வீடு எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏய் புத்தகப்புழு, பேய்க்கு எதுக்குடி அட்ரஸ்? மோப்பம் பிடிச்சு வந்துரும்!" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்யப்போவதாக எழுதியிருந்தீர்கள். என் புத்தகங்கள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு சின்ன வேலை, அப்பா. பூட்டுவதற்கு முன், சமையலறைக் கதவின் உள்பக்கம் புது விலாசத்தைப் பென்சிலால் எழுதிவிடுங்கள். பெரிய எழுத்தாக இருக்கட்டும். அம்மாவின் மூக்குக்கண்ணாடியை நான் இங்கே எடுத்து வந்துவிட்டேன்.

சாப்பாட்டு மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்