நீங்கள் குதித்த ஆறு

செரோங்கா
8 ஜூன் 1997

அன்புள்ள தூமோ அப்பாவுக்கு,

நான் சுகம். யானைகளுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் நடுவே நீங்களும் சுகமாக இருப்பீர்கள். இங்கே இந்த வருஷத்து ஆற்று வெள்ளம் வந்து சேர்ந்துவிட்டது. ஆம்பல் கிழங்கு பிடுங்கி இறைச்சியோடு வேகவைத்தேன். ஒருத்தி எவ்வளவு தின்பேன்? பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். போன மாதம் விடுமுறைக்கு வருவதாகச் சொன்னீர்கள், வரவில்லை. அதையும் விடுங்கள்.

உங்கள் சுற்றுலா முகாமிலிருந்து ஊர் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரம்மா என்னிடம் கூடை வாங்கினாள். நான் யாரென்று தெரிந்ததும் கட்டிக்கொண்டு அழுதாள். கூட வந்த தோணிக்காரன் மோலாத்வே அவள் பேச்சை எனக்குச் சொன்னான்: "உன் புருஷன் முகாம்ல ராத்திரி நெருப்புப் பக்கத்துல உக்காந்து சொன்னாராம்க்கா. நீர்யானை தோணியக் கவுத்ததும் தண்ணில குதிச்சு, பையன் கையப் பிடிச்சாராம். கை வழுக்கிடுச்சாம். இந்தம்மாவுக்கு அன்னைக்குத் தூக்கமே வரலையாம்."

எந்தத் தண்ணீரில் குதித்தீர்கள்? தூமோ மூழ்கிய அன்றைக்கு நீங்கள் முகாமில் யாருக்கோ சிங்கம் காட்டிக்கொண்டிருந்தீர்கள். கரையில் நின்று அலறியவள் நான். நீங்கள் வந்து சேர்வதற்குள் குழியை மூடியாகிவிட்டது. நம் பிள்ளையின் சாவு அவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்கிற கதையா? நிறுத்திவிடுங்கள். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
தூமோ அம்மா

முகாம்
20 ஜூன் 1997

அன்புள்ள தூமோ அம்மாவுக்கு,

திட்டித் தீர்த்துவிட்டாய். திட்டு, உனக்கு இல்லாத உரிமையா?

முதல் தடவை தானாக வாயில் வந்துவிட்டது. "நீ எப்பவாவது பயந்திருக்கியா?" என்று ஒரு விருந்தாளி கேட்டார். சொன்னேன். நெருப்பு அணையும்வரை ஒருவரும் படுக்கப் போகவில்லை. மறுநாள் மேலாளர் கூப்பிட்டு, "நேத்து சொன்னியே, அதையே இன்னைக்கும் சொல்லுப்பா. சிறுத்தை கண்ணுல படலைன்னு ஒருத்தர்கூட குறை சொல்லல" என்றார். அதிலிருந்து தினமும்தான். மாட்டேன் என்றால் என் இடத்துக்கு வேறொரு வழிகாட்டி வருவான்.

குதித்தேன் என்பது பொய்தான். ஆனால் சொல்லும்போது நான் அங்கே இருக்கிறேன், என் ஓனலென்னா. அவன் கை என் கையில் இருக்கிறது. இதை உனக்கு எப்படிப் புரியவைப்பேன்?

இன்னொன்று, கோபிக்காதே. கடைசியில் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: "பையன் என்ன சொல்லிக் கூப்பிட்டான்?" எனக்குத் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவைக்கிறேன். அவன் கூப்பிட்டதை நீ எழுதினால் அதுவாவது உண்மையாக இருக்கும்.

அடுத்த மாதம் கட்டாயம் வருகிறேன்.

தூமோ அப்பா

செரோங்கா
2 ஜூலை 1997

கவோலாத்தே அவர்களுக்கு,

வர வேண்டாம். நாளைக்கு மவுன் நகரத்துக்கு, என் அக்கா வீட்டுக்குப் போகிறேன். சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். என் பிள்ளையைத் தினமும் நெருப்பு முன்னால் சாகடித்துப் பாராட்டு வாங்குகிறவரோடு ஒரே சட்டியில் களி தின்ன என்னால் ஆகாது.

கேட்டீர்களே, சொல்கிறேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். ஆனால் என்னைக் கூப்பிடவில்லை. "அப்பா வா, அப்பா வா" என்றுதான் கத்தினான். உங்களால் தாங்க முடியாது என்று இத்தனை நாளும் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

இன்றைக்கு நெருப்பு மூட்டியதும் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஓனலென்னா