இரும்பனைக் குகையில் விட்டு வந்தோம்

என் அருமை அண்ணா,

நீ இருந்திருந்தால் இதை உன்னிடம் கத்தித் தீர்த்திருப்பேன். இப்போது எழுதத்தான் முடிகிறது.

நேற்று ஞாயிறு. மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு முதல் முறையாக, உழவர்கரையில் பாஸ்கர் வீட்டு மாடியில் விளையாட உட்கார்ந்தோம். வழக்கம்போல பாஸ்கர் கதையைச் சொல்லி நடத்த, நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடினோம். சேகருக்கு ஒரு வாள்வீரன், எனக்கு என் வில்லாளிப் பெண். உன் குள்ள வீரன் இரும்பனின் பலங்களை நீ எழுதி வைத்த தாளும் மேசையில் கிடந்தது. எடுத்து வைக்க யாருக்கும் மனம் வரவில்லை என்று நினைத்தேன்.

குகையில் ஓநாய்கள் சூழ்ந்துகொண்டன. பகடை எங்களைக் கைவிட்டது. பின்வாங்க வேண்டிய கட்டம்.

புத்தகத்து விதிப்படி, முதுகு காட்டி ஓடுகிறவனை எதிரி சும்மாவே ஒரு அடி அடிக்கலாம். கனத்த கவசத்தோடு நடக்கும் இரும்பன்தான் எப்போதும் மாட்டுவான். பிரவுசிங் சென்டரில் எடுத்த அந்த விதிப் புத்தகப் பிரிண்டின் ஓரத்தில் நீ பென்சிலால் எழுதினாய்: "மெதுவா நடக்கிறவன் வாசலைத் தாண்டுற வரைக்கும் மத்தவங்க யாரும் தாண்டக் கூடாது." மூன்று வருஷமாக அதுதான் நம் விதி.

சேகர் உன் தாளை, ஓநாய்கள் என்று வைத்திருந்த காய்கள் பக்கம் தள்ளினான். "இரும்பன் நிக்கட்டும்டா. அதுங்க அவனைத் தின்னுட்டிருக்கும், நாம போயிடலாம்."

"அண்ணன் விதி?" என்றேன்.

"ஆளே இல்ல, இன்னா விதி?"

பாஸ்கர் சிரித்தான். "ஹீரோ மாதிரி செத்தாருன்னு வெச்சுக்கலாம். யாரு முதல்ல ஓடுறது?"

ஹீரோவாம். தூ!

அந்த விதி எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்தோம். முட்டி வலியோடு நின்ற அம்மாவின் கையை உதறிவிட்டு நான் ஓடினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ அம்மாவின் நடைக்கு நடந்து, இடுப்பளவுத் தண்ணீரில் அவளைக் கூட்டி வந்தாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? அடுத்த வாரம் பென்சிலை எடுத்தாய், அவ்வளவுதான். எனக்காகத்தானே எழுதினாய்?

அந்த இரண்டு பேரையும் காறித் துப்ப எனக்கு என்ன யோக்கியதை? பாஸ்கர் கேட்டதும் பகடையை உருட்டியது என் கைதான். முதலில் வாசலைத் தாண்டியது என் வில்லாளிதான்.

ஆனால் இரும்பன் இன்னும் சாகவில்லை, அண்ணா. ஆட்டத்தை அங்கேயே நிறுத்தியிருக்கிறோம். வரும் ஞாயிறு முதல் முறை என்னுடையது. என் வில்லாளி குகைக்குள் திரும்பிப் போவாள். அவர்கள் சிரிக்கட்டும், ஓநாய் கடிக்கட்டும். இரும்பன் வாசலைத் தாண்டிய பிறகுதான் அவள் தாண்டுவாள்.

அம்மாவுக்கு முட்டி வலி கூடிவிட்டது. படி ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொள்கிறாள். அந்த நாளைப் பற்றி அவளிடம் நான் இதுவரை வாய் திறந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பேசிவிடுவேன்.

இந்த முறை ஓடாமல் நிற்கும்,
உன் தங்கச்சி